வேலை விட்டுச்செல்வது

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 28 வயது. இயந்திரவியலில் பட்டயம் முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராகச் சேர்ந்தேன். குறையுள்ள உருப்படி எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று தேடும் நாட்கள் பிடித்திருந்தன. மற்ற நாட்கள் பிடிக்கவில்லை. அதை விட்டுக் கால் சென்டர், பிறகு மெடிக்கல் ரெப், இப்போது ஊரிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். ஆறு ஆண்டுகளில் நான்கு வேலைகள். ‘எங்கேயும் கால் ஊன்றாதவன்’ என்று அப்பா உறவினரிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கான வேலை எது என்று தெரியாமலேயே வயது போய்விடுமோ என அஞ்சுகிறேன். அதை எப்படிக் கண்டறிவது?

ச., திருவண்ணாமலை

*

அன்புள்ள ச.,

குறையுள்ள உருப்படியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியை நான் பலமுறை படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட கடிதங்கள் வரும்போதெல்லாம் 1891 முதல் 1894 வரையிலான காந்தியை நினைத்துக்கொள்வேன். லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பியபோது அவருக்கு வயது 21. பம்பாயில், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸஸ் நீதிமன்றத்தில், 30 ரூபாய் கட்டணத்துக்கு ஏற்ற முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்காக எழுந்தவருக்கு ஒரு கேள்வியும் நாவில் எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். பிறகு 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்பதால் அதுவும் கிடைக்கவில்லை. ராஜ்கோட்டுக்குத் திரும்பி, பிறருக்கு மனு எழுதிக் கொடுத்து மாதம் சுமார் 300 ரூபாய் ஈட்டினார். 1893இல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில், 105 பவுண்டு ஊதியத்துக்குத் தென்னாப்பிரிக்கா சென்றார். பாரிஸ்டராகப் போவதைவிட அந்த நிறுவனத்தின் ஊழியராகப் போவதாகவே தமக்குத் தோன்றியதைச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த வழக்கு முழுவதும் வரவு செலவுக் கணக்கு. அவருக்கோ ‘பி. நோட்’ என்ற சுருக்கம் புரோநோட்டைக் குறிக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. புத்தகம் வாங்கிக் கணக்குப் பதிவு கற்றார். வழக்கின் உண்மைகளை இரு தரப்பாரையும்விட நன்றாக அறியும் அளவுக்கு அதில் மூழ்கியபின், உறவினர்களான இருவரையும் பஞ்சாயத்துக்கு இணங்க வைத்தார். தோற்றவர் தவணையில் செலுத்தவும் வென்றவரைச் சம்மதிக்கச் செய்தார். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதே வழக்கறிஞரின் உண்மையான பணி என்று தாம் அங்கே உணர்ந்ததாகச் சொல்கிறார். நீதிமன்றத்தில் பேச முடியாமல் போனவர், நீதிமன்றத்துக்கு வெளியே தம் தொழிலைக் கண்டுகொண்டார்.

1894இல், தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்ற பகுதியில் வாழ்ந்த இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தபோது, பத்தாயிரம் கையெழுத்துகளோடு லண்டனுக்குப் போன மனுவை எழுதியது ராஜ்கோட்டில் பழகிய அந்தக் கைதான். பின்னர் பாலசுந்தரம் என்ற, முதலாளியை விட்டு விலக முடியாதபடி ஒப்பந்தத்தால் கட்டுண்ட தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவர் முன் வந்து அழுதார். முதலாளியைத் தண்டிப்பதைவிட அந்த மனிதரை அவரிடமிருந்து விடுவிப்பதே காந்தியின் நோக்கமாக இருந்தது. ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றச் செய்து அதை நிறைவேற்றினார். ஓராண்டுக்கென்று போனவர் தென்னாப்பிரிக்காவை விட்டு இறுதியாகப் புறப்பட்டது 1914இல்.

நீங்கள் காந்தியாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பம்பாயில் இருந்த நாட்களில் அவரிடம், ‘உனக்கான வேலை எது’ என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. பதிலுக்கு வேண்டிய பொருள்களே அப்போது அவர் கையில் இல்லை. அவை ஒவ்வொரு வேலையிலிருந்தும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, அதுவும் தெரியாத கணக்குப் பதிவைக்கூட அடிவரை கற்றதால் சேர்ந்தன. வேலை மாறுவதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் ஒரு வேலையின் முதல் கடினம் வந்தவுடன் வெளியேறினால், அது நம்மிடம் எதையும் விட்டுச்செல்லாது. உங்கள் நான்கில் எதை அப்படி விட்டீர்கள், எதைக் கற்று முடித்து விட்டீர்கள் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். கால் சென்டரைப் பற்றியும் மருந்து விற்பனையைப் பற்றியும் பெயருக்கு மேல் நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

இனி அந்த வரி. குறை எங்கே பிறக்கிறது என்று தேடுவது பிடித்திருந்தது என்கிறீர்கள். கணக்கில் தவறான விடை எழுதிய பிள்ளை எந்தப் படியில் வழுக்கினான் என்று தேடுவதும் அதே வேலைதான் அல்லவா? டியூஷனில் உங்களுக்கு மகிழ்ச்சி தரும் நேரம் அதுதானா, அல்லது வேறொன்றா? அதுதான் என்றால், தொழிற்சாலையிலேயே குறைகளின் காரணத்தை ஆராயும் பிரிவும் உங்களுக்குப் பொருந்தலாம், கற்பிப்பதும் பொருந்தலாம், நாம் இருவரும் இன்னும் எண்ணாத ஒன்றும் பொருந்தலாம்.

உங்கள் அப்பாவின் சொல் வலித்திருக்கும். லண்டன் படிப்புக்காகச் செலவழித்த காந்தியின் அண்ணனும் தம்பியின் வருமானத்தை நம்பிப் பெரிய கணக்குகள் போட்டிருந்தார். குடும்பத்தின் அச்சம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது, அது நியாயமானதும்கூட. ஆகவே இந்த ஆண்டு மாதந்தோறும் ஒரு தொகையை வீட்டுக்குத் தவறாமல் கொடுங்கள். டியூஷனை ஒரு முழுப் பள்ளியாண்டு நடத்துங்கள். ஆண்டுத் தேர்வு வரை உங்கள் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏப்ரலில் அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.