மாட்டுக்குப் போடும் ஊசி

கேள்வி: நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். பாறுக் கழுகைக் காப்பாற்றுங்கள் என்கிறார்கள். என்னைப் போன்றவன் என்ன செய்ய முடியும்? – வாசகர், மசினகுடி

பதில்: உங்களைப் போன்றவர்தான் செய்ய முடியும், சென்னையில் உட்கார்ந்து எழுதும் என்னால் ஆகாது. மாட்டுக்குக் காய்ச்சல், மடிவீக்கம் என்றால் வலிக்கு ஊசி போடுவார்கள் அல்லவா? அது டைக்ளோஃபினாக்காக இருந்து, மாடும் ஓரிரு நாளில் செத்து, பிணந்தின்னிக் கழுகான பாறு அதைத் தின்றால் அதன் சிறுநீரகம் பழுதாகிவிடும். பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரல்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். உங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் மாயாற்றின் கரை நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது இதனால்தான்.

கால்நடைகளுக்கு இந்த மருந்தை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் மனிதருக்கான மருந்து கடையில் கிடைக்கிறதே! அதை வாங்கி மாட்டுக்குக் குத்தினால் தடை என்ன செய்யும்? பாறுக்கு இதேபோல் கேடு செய்யும் வேறு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைகளுக்குப் போட 2023-ல் தடை வந்தது.

ஆகவே, டாக்டரிடம் "வலிக்கு மெலாக்சிகாம் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாறுக்கு அது கெடுதல் செய்யாது. குப்பியை வாங்கிப் பெயரையும் படித்துவிடுங்கள், கூச்சப்படாதீர்கள், மாடு உங்களுடையது.

அப்புறம், புலி அடித்த மாட்டின்மேல் கோபத்தில் பூச்சிமருந்து ஊற்றிவிடாதீர்கள். புலிக்கு முன்னால் பாறுக் கூட்டம் வந்து இறங்கினால் அத்தனையும் போகும். வனத்துறைக்குச் சொல்லி, இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள்.