புர்கோஸில் ஓய்வு நாள்: திங்கள்கிழமை வேண்டாம்

கேள்வி: நண்பர்கள் இருவர் ஸ்பெயினில் பம்ப்லோனாவிலிருந்து சந்தியாகோ வரை காமினோ யாத்திரைப் பாதையில் சைக்கிளில் போகிறோம். ஞாயிறு மாலை புர்கோஸ் சேர்ந்து, திங்கள் முழுக்க ஓய்வெடுத்து ஊர் பார்க்கத் திட்டம். எதையெல்லாம் பார்க்கலாம்? சைக்கிளை எங்கே விடுவது?

பதில்: முடிந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். புர்கோஸில் மனிதப் பரிணாம அருங்காட்சியகம், லாஸ் உவேல்காஸ் மடம் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறு மாலை போய் இறங்கினால் சைக்கிள் கடையும் திறந்திருக்காது, சூப்பர்மார்க்கெட்டும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அதனால் ஞாயிறு இரவு வழியில் முன்னதாக வரும் பெலோராதோ ஊரில் தங்கிவிட்டு, திங்கள் மதியத்துக்குப் பிறகு புர்கோஸ் வந்து சேருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மூடுகிற கடைகள் ஐந்து மணிவாக்கில் திறக்கும், குளித்துவிட்டு நேராக அங்கே போய் செயின், பிரேக் பேட், கியர் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். இடையில் வரும் மோன்தெஸ் தே ஓகா மலைக் காட்டுப் பாதையில் மழை பெய்திருந்தால் செம்மண் செயினுக்குள் இறங்கியிருக்கும். இந்த வேலையை ஓய்வு நாளுக்கு மிச்சம் வைத்தால் அன்று பாதி நாள் அதிலேயே போய்விடும்.

தங்குவதற்கு நகராட்சி யாத்திரிகர் விடுதியை நம்பாதீர்கள், உடம்பு சரியில்லை என்றாலொழிய அங்கே ஒரு இரவுதான். இரண்டு இரவுக்கு ஒரு ஓஸ்தால் (சின்ன, எளிய தங்கும் விடுதி) பிடியுங்கள். பணம் கட்டும் முன்பே, ராத்திரி சைக்கிள் உள்ளே பூட்டிய இடத்தில் இருக்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் சரி, ராத்திரி தெருவில் விட வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது? கதீட்ரல், அதோடு இன்னொன்று. அவ்வளவு போதும். கல் தரையில் நாலு மணி நேரம் நின்றும் நடந்தும் பார்த்தால், சைக்கிள் மிதித்த காலுக்கு அது இன்னொரு நாள் வேலை. காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து, பையெல்லாம் கழற்றிவிட்டு, கியரை இளக்கி வைத்து, அர்லான்சோன் ஆற்றோரமாக மிராஃப்ளோரெஸ் மடம் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள், சுமார் நாலு கிலோமீட்டர்தான். முற்றிலும் அசையாமல் கிடப்பதைவிட இப்படி லேசாக மிதித்தால் கால் இறுக்கம் சீக்கிரம் விடும். அங்கே இரண்டாம் ஹுவான் மன்னர், ராணி இசபெல் இருவரின் கல்லறை எட்டு முனை நட்சத்திர வடிவில் அலபாஸ்டர் என்ற வெள்ளைக் கல்லில் செதுக்கியது, கிட்டே போய் உடையின் தையல் விளிம்பைப் பாருங்கள். செதுக்கியவர் கில் தே சிலோயே. அவர் மகன் தியேகோ தே சிலோயேயின் பொன் படிக்கட்டு கதீட்ரலுக்குள் இருக்கிறது. வடக்கு வாசல் மேட்டுத் தெருவில், தரைக்கு வெகு மேலே அமைந்துவிட்டதால், அங்கிருந்து உள்ளே இறங்குவதற்கென்று கட்டியது அது. அப்பா வேலையைக் காலையில் பார்த்துவிட்டு மகன் வேலையை மாலையில் பார்க்கிற வசதி எந்த ஊரில் கிடைக்கும்?

கதீட்ரல் 1221-இல் தொடங்கியது, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நடுக்கோபுரத்தின் அடியில், இடைக்கால ஸ்பெயினின் புகழ்பெற்ற வீரர் எல் சித் கல்லறை. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் நட்சத்திர வடிவ விதானத்தின் கல் சல்லடை வழியாக வெளிச்சம் வருகிறது. மணி அடிக்கும் நேரத்தில் வாய் திறந்து மூடும் பாப்பாமோஸ்காஸ் பொம்மையையும் பார்க்கலாம்.

கலையைவிட வரலாறு பிடிக்கும் என்றால் மிராஃப்ளோரெஸுக்குப் பதில் பரிணாம அருங்காட்சியகம் போங்கள். அதாபுவெர்காவில் தோண்டியெடுத்த எட்டு லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட மனித எலும்புகள், ஹோமோ அன்டெசெசர் என்று 1997-இல் பெயரிட்டவை, அங்கேதான். காமினோ பாதையிலேயே வந்தால் முந்தின நாள் நீங்கள் கடந்து வருவதும் அந்த அதாபுவெர்கா மலைதான்.

மதியச் சாப்பாட்டைத்தான் பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலிருந்து நாலு மணிக்குள் மெனு தெல் தியா, அதாவது ஒரே விலைக்கு வரும் அன்றைய முழுச் சாப்பாடு. ராத்திரி உணவகங்களில் ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு, மறுநாள் விடியலில் கிளம்ப அது சரிவராது. அரிசி சேர்த்த மோர்சிய்யா என்ற தொத்திறைச்சி இந்த ஊர்ச் சிறப்பு, ஆனால் அது பன்றி ரத்தத்தில் செய்வது. சைவக்காரர்களுக்கு உப்புக் குறைந்த புர்கோஸ் பாலாடைக்கட்டி இருக்கிறது.

தேதியை மாற்றவே முடியாதா, கவலை வேண்டாம், கதீட்ரலும் மிராஃப்ளோரெஸும் திங்களன்றும் பார்க்கலாம். எப்படியானாலும் மாலையிலேயே தண்ணீரும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள். புர்கோஸ் தாண்டினால் மெசெதா என்ற வெட்டவெளிப் பீடபூமி, நிழலே கிடையாது, காஸ்த்ரோஹெரிஸ் கடந்ததும் மோஸ்தெலாரெஸ் மேட்டில் ஒரு கிலோமீட்டருக்கு 12 சதவீத ஏற்றம் காத்திருக்கிறது.