எட்டில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது வரை ஆங்கில வழியில் படித்தாள். இந்த வாரம் வகுப்பில் பின்னம் நடத்துகிறார்கள். நான்கில் ஒன்றைவிட எட்டில் ஒன்றுதான் பெரிது என்கிறாள். ‘நான்கில் மூன்று’ எழுதச் சொன்னால் 4/3 என்று எழுதுகிறாள். தெரிந்தவர் ஒருவர், ‘இப்படியே விட்டால் ஃபெயில் ஆகிவிடுவாள். எங்கள் பயிற்சியில் சேருங்கள், காரைக்கால் நவோதயா பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடமும் வாங்கித் தருகிறேன்’ என்று 8,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

முதலில் பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். நான்கைவிட எட்டு பெரிது என்று நான்கு வருடமாக நாம்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அதைத்தான் அவள் இங்கேயும் சொல்கிறாள். பின்னம் தொடங்கும்போது அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். பல வருடம் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், இது மந்தப் புத்தி இல்லை.

உங்கள் ஊரில் நிலத்தை மா கணக்கில்தானே பேசுகிறீர்கள்? நில அளவில் ஒரு வேலிக்கு இருபது மா. ஒரு நீளமான காகிதத்தை வேலி என்று வைத்துக்கொண்டு, பென்சிலால் இருபது கட்டம் போடச் சொல்லுங்கள். கட்டத்துக்கு ஒரு மா. அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பாகம் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? எண்ணிப் பார்த்து ஐந்து மா என்பாள். அதே வேலியை எட்டுப் பேருக்குப் பிரித்தால்? கட்டத்தைப் பாதியாக வெட்ட வேண்டியிருக்கும், இரண்டரை மாதான் வரும். ஆள் கூடினால் பங்கு குறையும் என்பதை அவள் கத்தரிக்கோலைப் பிடித்த கையாலேயே தெரிந்துகொள்வாள். அப்போது இன்னொன்றும் கிடைக்கும். இருபதில் ஐந்து என்பதும் நான்கில் ஒன்று என்பதும் ஒரே துண்டு. பாடப்புத்தகத்தில் சமான பின்னம் என்று இருப்பது இதுதான். தாத்தா இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கால் வேலி, அரை மா என்றெல்லாம் அவர் வாயில் தானாக வரும். மா என்ற சொல்லுக்கே பழைய கணக்கில் இருபதில் ஒன்று என்றுதான் பொருள்.

பள்ளியில் ஏன் இப்படிச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். கையால் மடித்து, வெட்டி, பிரித்துப் பார்க்க வேண்டிய பாடம் இது. ஆனால் பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் உறுதியாக வர வேண்டும் என்று அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2023-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பயிற்சிநூலில் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் மேலிருந்து கேட்கிறார்களே தவிர, பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க ஆள் இல்லை. செயலியில் விவரம் பதிவு செய்யவே அந்த டீச்சருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, எனக்குக் கோபம் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

சரி, 4/3 விஷயம். இது எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. ஆங்கில வழியிலிருந்து தமிழ் வழிக்கு மாறி வந்த பிள்ளைக்கு வரும், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆங்கில வழியில் ‘த்ரீ பை ஃபோர்’ என்று மேலே உள்ள எண்ணை முதலில் சொல்லிப் பழகுகிறார்கள். தமிழில் ‘நான்கில் மூன்று’ என்று கீழே உள்ள எண்தான் முதலில் வருகிறது. உங்கள் மகள் காதில் முதலில் விழுந்த நான்கைப் பழக்கப்படி மேலே எழுதிவிடுகிறாள். அவளுக்குப் பின்னம் புரிகிறது, வரிசைதான் தடுமாறுகிறது. ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ‘இல்’ ஒட்டிய எண்ணை முதலில் கோட்டுக்குக் கீழே எழுதட்டும், மற்றதை மேலே எழுதட்டும். எட்டில் ஐந்து, பத்தில் ஏழு என்று வாயால் சொல்லி ஒரு பத்துத் தடவை எழுதினால் போதும். முக்கால் என்பது மூன்று கால் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழகி முடிக்கும்வரை வீட்டில் யாரும் ‘த்ரீ பை ஃபோர்’ என்று சொல்ல வேண்டாம். முதலிலிருந்தே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், சொன்னால் குழப்பம்தான்.

இப்போது அந்த 8,000 ரூபாய்க்காரர். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி இல்லை என்று யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் அரசே ரத்து செய்தது. அந்தப் பழைய பயத்தை வைத்து இன்னும் வியாபாரம் நடக்கிறது.

நவோதயா மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி, அதற்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. அந்தப் பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்தில் குடியிருந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைதான் எழுத முடியும். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான், ஆனாலும் உங்கள் மகளுக்கு அந்தத் தகுதி இல்லை. சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுங்கள், சான்றிதழ் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுத்ததாகச் சொல்வார். சேர்க்கையின்போது எல்லாச் சான்றிதழையும் சரிபார்ப்பார்கள். மாட்டினால் இடம் போகும், பொய்ச் சான்றிதழ் கொடுத்த பெயர் உங்களுக்கு. நுழைவுத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணுக்குத்தான் இடம், நடுவில் ஒருவர் ‘வாங்கித் தர’ அதில் ஒன்றும் இல்லை. இப்படிப் பணம் கொடுத்துவிட்டு, ரசீதும் இல்லாமல், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பயிற்சியில் பள்ளி ஆசிரியரே வந்து நடத்துகிறார் என்று சொன்னால் நம்பிச் சேர்த்துவிடாதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது.

சனிக்கிழமை அந்தக் காகித வேலியை வெட்டிப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு, காகிதம் இல்லாமல் கேளுங்கள்: ஐந்தில் ஒன்று பெரிதா, ஆறில் ஒன்று பெரிதா? சரியான விடை வந்தாலும் ஏன் என்று கேளுங்கள். ‘அதுல ஒரு ஆளு கூட வந்துட்டாருல்ல’ என்றாளானால் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, புத்தகத்தை மூடிவிட்டு விளையாட விடுங்கள்.