திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர்: படிவத்தில் எதை எழுதுவது?

திருமணத்துக்குப் பின் நிரந்தர வதிவிட உரிமைப் படிவத்தில் பழைய குடும்பப் பெயரா, கணவர் பெயரா, 'பெயர் பொருந்தவில்லை' என்று ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய குடும்பப் பெயரையே எழுதுங்கள். பாஸ்போர்ட் இன்னும் மாறவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நிரந்தர வதிவிட உரிமை விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் செல்லும். கணவர் பெயரை ஏற்கெனவே எங்காவது பயன்படுத்தியிருந்தால், 'வேறு பெயர்கள்' என்று கேட்கும் கட்டத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

'பெயர் பொருந்தவில்லை' என்று வருவதற்குப் புதிய பெயரை இட்டதே காரணமாக இருக்கலாம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். மேல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயர், பிறகு இரண்டு கோணக் குறிகள் (<<), அதன் பின் உங்கள் பெயர். அந்தப் பிரிவு எங்கே விழுகிறதோ, படிவத்திலும் அங்கேயே பிரியுங்கள். மொழித் தேர்வு முடிவு, காவல்துறைச் சான்றிதழ் ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்து ஓரெழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெயர் மாற்றம் காத்திருக்கலாம். திருமணம் நடந்த செய்தி காத்திருக்கக் கூடாது. மணநிலையை உடனே திருத்தி, சான்றிதழை இணையுங்கள். அதை விடுவது தகவலை மறைத்ததாகக் கருதப்படலாம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

புதிய பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. அது கைக்கு வந்ததும் நகலையும் திருமணச் சான்றிதழையும் கோப்பு எண்ணுடன் அனுப்புங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.