திரையில் தெரியும் விமானம் எத்தனை நொடி பழசு?

கே: விமானம் எங்கள் மாடியைத் தாண்டிப் போய்விடுகிறது, கைபேசிச் செயலியில் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையும் இப்படித்தானா? (வாசகர், பம்மல்)

ப: இந்த அளவுக்கு இல்லை. செயலிக்கு வருவது தன்னார்வலர் ஆன்டெனா, சர்வர், உங்கள் டேட்டா என்று பல கை மாறி வருகிறது. நடுவில் சிக்னல் விட்டால் செயலி ஊகித்து நகர்த்தும். ஆனால் கட்டுப்பாட்டு அறையிலும் புள்ளி கொஞ்சம் பழசுதான். விமான நிலைய ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற 4 முதல் 5 நொடி, நெடுந்தூர ரேடாருக்கு 10 முதல் 12 நொடி. 480 நாட் (மணிக்கு 480 கடல்மைல்) வேகத்தில் விமானம் நொடிக்குச் சுமார் 247 மீட்டர் போகும். 12 நொடியில் 3 கிலோமீட்டர். விமானங்களுக்கு நடுவே இறங்குமிடம் அருகே 3 கடல்மைல், நெடுவழியில் 5 கடல்மைல் இடைவெளி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தொல்லை திருப்பத்தில்தான். விமானம் வளைந்த பிறகும் கணினி ஓரிரு சுற்றுக்குப் புள்ளியை நேராகவே ஓட்டும், பிறகு சட்டென்று பக்கவாட்டில் குதிக்க வைக்கும்.

கே: ஏடிஎஸ்-பி (விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் முறை) நொடிக்கு இரண்டு முறை இருப்பிடம் அனுப்புகிறதே, அதில் தாமதம் ஏது?

ப: அடிக்கடி வருவதாலேயே புதிதாக வருகிறது என்று சொல்லிவிட முடியாது. ஜிபிஎஸ் கணக்கிட்டு டிரான்ஸ்பாண்டர் (விமானத்திலுள்ள ஒலிபரப்புக் கருவி) அனுப்பி முடிக்க அமெரிக்க விதி தரும் அவகாசம் 2 நொடி. வேகத்தை வைத்துச் சரிக்கட்டியபின் மிஞ்சும் தாமதம் 0.6 நொடிக்குள் இருக்க வேண்டும். அதுவே கிட்டத்தட்ட 150 மீட்டர். அனுப்பும் செய்தியில் அளந்தபோது மணி எத்தனை என்ற முழு விவரம் கிடையாது; வாங்கும் தரைநிலையம்தான் நேர முத்திரை குத்துகிறது. அந்தக் கடிகாரம் ஒரு நொடி பிசகினால் ரேடார் புள்ளியும் ஏடிஎஸ்-பி புள்ளியும் கால் கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

கோளாறு எங்கே என்று பிரிக்க ஒரு வழி: இரண்டு புள்ளிகளும் பறக்கும் திசையிலேயே முன்பின்னாக விலகி, வேகமான விமானத்துக்கு விலகல் கூடினால் கடிகாரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் பறந்தாலும் ரேடாரைச் சுற்றி ஒரே பக்கம் விலகி, தூரத்தோடு கூடினால் ரேடாரின் வடதிசை அமைப்பு பிசகியிருக்கிறது. இன்னொரு வழக்கமான தவறு, அஸ்டெரிக்ஸ் (கண்காணிப்புத் தரவை அனுப்பும் பொது வடிவம்) பொதியில் 1/128 நொடி நுணுக்கத்தில் அளந்த நேரம் இருக்கும்போதே, பொதி வந்து சேர்ந்த நேரத்தை எடுத்துக்கொள்வது. நெட்வொர்க் நெரிசல் கூடக் கூடப் புள்ளி ஆடும்.

கே: நடுக்கடலில்?

ப: அங்கே ரேடார் எட்டாது. ஏடிஎஸ்-சி (கட்டுப்பாட்டு மையத்தோடு செய்த ஏற்பாட்டின்படி விமானம் தானே அனுப்பும் இருப்பிடம்) அறிக்கை பல நிமிடங்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியே வரும். அதனால் இடைவெளியும் 30, 50 கடல்மைல் என்று விரியும்.