அமெரிக்காவின் அசட்டீக் தீவுக் கடற்கரையில் காட்டுக் குதிரைகளைப் படம் எடுக்க 70-200 மி.மீ. லென்ஸ் போதுமா, பெரிய லென்ஸ் வாடகைக்கு எடுக்கணுமா?

போதும். பெரிய லென்ஸை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தோளில் சுமந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

நீங்கள் குடும்பத்தோடு போகிறீர்கள், படம் எடுக்கக் கிடைப்பது அரை நாள்தான், அதிலும் பாதி நேரம் யாராவது பசிக்கிறது என்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே குதிரையிடமிருந்து குறைந்தது 40 அடி, அதாவது 12 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. வைத்து 12 மீட்டரிலிருந்து பார்த்தால், குறுக்காகச் சுமார் 2 மீட்டர் அகலம்தான் படத்தில் விழும். ஒரு குதிரை பக்கவாட்டில் நின்றாலே நிறைந்துவிடும். இதற்கு மேல் எதற்கு லென்ஸ்?

நான் சொல்வது மேரிலாந்துப் பக்கம். தீவின் குறுக்கே மாநில எல்லையில் வேலி உண்டு. தெற்கே வர்ஜீனியாப் பக்கத்துக் கூட்டம் ஷிங்கட்டீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். ஜூலை மாதம் கால்வாயை நீந்த விடுவார்களே, அவைதான். அங்கே குதிரைகள் வேலிக்குள் தூரத்தில் மேயும், அதனால் பெரிய லென்ஸ் உதவும். "இதைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே" என்று யாரும் வர வேண்டாம், சொல்லிவிட்டேன்.

சரி, என் கதை. ஜூலை நடுவில் போனோம். விடிகாலையில் பொன்னிற ஒளி, ஈர மணல், பிடரி பறக்க ஓடும் குதிரை என்று மனதில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இருட்டிலேயே கேமரா முக்காலியோடு போய் உட்கார்ந்தேன். சூரியன் கடலிலிருந்து எழுந்தது, ஒளியும் பிரமாதம். குதிரை மட்டும் இல்லை. எல்லாம் தீவின் மறுபக்கம், விரிகுடா ஓரச் சதுப்பில் புல் மேய்ந்துகொண்டிருந்தன. விடாமல் 600 மி.மீ.யில் இழுத்து எடுத்தேன். வெயில் ஏற ஏறக் கானல். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனை படமும் காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே பார்த்த மாதிரி நெளிகிறது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் நடுவில் இருக்கும் சூடான காற்றைத் துடைக்காது.

மறுநாள் மதியம் ஒரு மணி. படம் எடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. பெரிய லென்ஸைப் பைக்குள் போட்டுவிட்டு, 70-200ஐ மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஆறு குதிரைகள் வரிசையாக இறங்கி வந்தன. யாரையும் சட்டை செய்யாமல் குடைகளுக்கு நடுவே நடந்து, நேராக அலை தொடும் இடத்தில் போய் நின்றன. காரணம் ஈ. கோடையில் சதுப்பில் கடிக்கிற ஈயும் கொசுவும் தாங்காமல்தான் அவை கடல்காற்றுக்கு வருகின்றன. ஆகவே விடியலில் எழுந்திருக்காதீர்கள்; ஈ கடிக்கும் நேரத்தில் போங்கள்.

அரை மணி நேரம் நின்றன. ஓடவில்லை. வாலை வீசின, தோலைச் சிலிர்த்தன, ஒரு குட்டி மணலில் சாய்ந்து படுத்துவிட்டது. வயிறு எல்லாவற்றுக்கும் உப்பியிருந்தது. சினை என்று நினைத்தேன். உப்புப் புல் தின்பதால் சாதாரணக் குதிரையைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கின்றன, அதனால் வரும் உப்பல் அது. உச்சிவெயிலில் முகம் கறுத்துப் போகும் என்று பயந்தேன்; ஈர மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடித்ததில் வயிறும் தாடையும் நன்றாகவே விழுந்தன. உடம்பில் வெள்ளைத் திட்டுகள் உள்ள குதிரை என்றால் அந்த வெள்ளைக்கு அளந்து எக்ஸ்போஷர் வையுங்கள். மணலில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புத் திவலையைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், நான் துடைத்தேன்.

அன்று நான் எடுத்த படத்தில் ஒரு குதிரை மிகவும் பக்கத்தில் தெரியும். விதியை மீறினேன் என்று ஏற்கெனவே இருவர் திட்டிவிட்டார்கள். பக்கத்துக் குடையில் ஒருவர் சிப்ஸ் பையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார், குதிரை அதை நோக்கி வந்தது. எழுந்து பின்னால் நகர்ந்தது நான். அப்புறம், "இவை காட்டுக் குதிரைகளே அல்ல, எப்போதோ மனிதர் வளர்த்தவற்றின் வாரிசு" என்பவர்களுக்கு: தெரியும் ஐயா. கேட்டவர் அப்படி எழுதியிருக்கிறார், நானும் எழுதுகிறேன்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததில் ஒரே ஒரு படம் தேறியது. ஆறு மாதம் கழித்து அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டி, ரோஜாப்பூ ஒட்டி, "இனிய காலை வணக்கம். அலைகளை எதிர்த்து ஓடு, வெற்றி உனதே" என்று மஞ்சள் எழுத்தில். மதியம் ஒன்றே காலுக்கு ஈக்கடி பொறுக்காமல் அசையாமல் நின்ற குதிரை அது. அனுப்பியவர் சித்தப்பா. நான் எடுத்த படம் சித்தப்பா என்றேன்.

"இல்லடா, இது கூகுள்ல வந்தது" என்றார்.