நீதிபதி ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை?

கேள்வி: ஸ்காட்லாந்து நீதிபதி கிரேஞ்ச் பிரபு, மனைவியைத் தீவில் அடைத்ததைக் கொடுமை என்கிறார்கள். அவள் குடிகாரி, கொலைகாரன் மகள். தலையணைக்கடியில் சவரக்கத்தி வைத்துக்கொண்டு மிரட்டியவளாம். மனுஷன் வேறென்னதான் செய்வார்?

பதில்: வழக்குப் போட்டிருக்கலாம். அவர் பிழைப்பே அதுதானே!

முதலில் அந்தக் கொலைகாரத் தகப்பன். பெயர் ஜான் சீஸ்லி. மனைவி மக்களுக்கு வருஷம் 1,700 மெர்க் ஜீவனாம்சம் கொடு என்று தீர்ப்பானது. மெர்க் என்பது அந்தக்கால ஸ்காட்லாந்துக் காசு. இங்கிலாந்துக் கணக்குப்படி மொத்தமே 94 பவுன் சொச்சம். அதற்காக 1689 ஈஸ்டர் ஞாயிறன்று, சர்ச்சிலிருந்து வீடு திரும்பிய தலைமை நீதிபதி ஜார்ஜ் லாக்ஹார்ட்டைச் சுட்டுக் கொன்றான். பிற்பாடு கிரேஞ்ச் பிரபுவின் மனைவியான மகள் ரேச்சலுக்கு அப்போது பத்து வயது. ஜீவனாம்சம் பெறவேண்டிய 'மக்களில்' அவரும் ஒருவர். தகப்பன் கணக்கை மகள் தலையில் எழுதுகிறீர்களே!

புத்தி பேதலித்தவர் என்றால், ஜூரி முன் நிறுத்தி அதை நிரூபிக்க அங்கே முறை இருந்தது. விசாரணைக்காக ஒருவரைச் சிறையில் வைக்கவே, காரணம் எழுதிக் கையெழுத்திட்ட ஆணை வேண்டும் என்றது 1701-ஆம் வருஷச் சட்டம். ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் கோர்ட்டான செஷன் நீதிமன்ற நீதிபதிக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். கோர்ட் என்றால் ரேச்சலும் வாய் திறப்பார் என்பதும் தெரியும். நீதிபதியின் அண்ணன் மார் பிரபு, 1715-இல் அரசருக்கு எதிராகப் படை திரட்டியவர். கணவரும் ராஜதுரோகி, என்னிடம் கடிதம் இருக்கிறது என்று சொல்லி வந்தார் ரேச்சல்.

1732 ஜனவரி 22 இரவு, எடின்பரோவில் ரேச்சல் தங்கியிருந்த இடத்துக்குள் மலைநாட்டு ஆட்கள் புகுந்தார்கள். வாயில் துணியை அடைத்து, பல்லை உடைத்துத் தூக்கிப்போனதாக அவரே பிற்பாடு எழுதினார். ஊரில் பொய்யாக இழவுச் சடங்கும் நடந்தது. முதலில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஹெய்ஸ்கர் தீவு. 1734 முதல் செயின்ட் கில்டா தீவு, வடக்கு யூயிஸ்ட் தீவுக்கு மேற்கே சுமார் 64 கி.மீ. நடுக்கடல். அங்கிருந்து ரேச்சலின் கடிதம் எடின்பரோ வந்து சேர 1740 டிசம்பர் ஆயிற்று. வக்கீல் தாமஸ் ஹோப் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு கப்பல் அனுப்பினார். அதற்குள் இடம் மாற்றிவிட்டார்கள். 1745-இல் ஸ்கை தீவில் இறந்தார், அப்போதும் கைதியாகவே.

கணவர்? 1734-இல் நீதிபதி வேலையை விட்டு எம்.பி. ஆனார். பழைய சூனியச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா வந்தபோது எழுந்து, ரத்து செய்யக்கூடாது என்று பேசினார்.